எந்த மாதம், எந்த நகரம்?

விடுமுறைக்கு ஐரோப்பாவுக்குப் போகிறோம் என்று யாராவது சொன்னால் “பாரிஸா, லண்டனா?” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் புவியியல் கற்பிப்பவள். “எந்த மாதம்?” என்று கேட்பேன். மாதத்தைத் தெரிந்துகொள்ளாமல் நகரத்தைத் தெரிவு செய்வது, அளவெடுக்காமல் உடுப்புத் தைப்பது போன்றது.

இந்தக் கேள்வி நமக்கு இயல்பாக வருவதில்லை. அதற்கும் புவியியலே காரணம். கொழும்பு ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஜூனிலும் டிசம்பரிலும் மஃரிப் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்துவிடுவதால், பகல் என்பது எப்போதும் கையில் இருக்கும் பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம். 51.5 பாகையில் உள்ள லண்டனில் ஜூன் 21இல் சூரியன் 16 மணித்தியாலங்களுக்கு மேல் வானில் நிற்கும். டிசம்பர் 21இலோ 8 மணித்தியாலம்கூட இல்லை. காலை 8 மணிக்கு உதித்து மாலை 4 மணிக்கு முன்னரே மறைந்துவிடும். ஒரே நகரம், ஒரே விமானச் சீட்டு, ஒரே ஹோட்டல் அறை. கிடைக்கும் பகலோ பாதி.

நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நீண்ட விடுமுறை றமழானை ஒட்டி வருகிறது. றமழான் ஆண்டுதோறும் 11 நாட்கள் அளவில் முன்னோக்கி நகர்கிறது. நமது விடுமுறை சந்திரனைப் பின்பற்ற, ஐரோப்பாவின் பருவங்கள் சூரியனைப் பின்பற்றுகின்றன. ஆகவே அக்கா போன பருவத்தில்தான் தங்கையின் விடுமுறையும் வரும் என்று சொல்ல முடியாது.

இதை ஒரு பாடமாக எழுதத் தூண்டியவள் எனது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி. அவளது வாப்பா 14 ஆண்டுகளாக வெளிநாட்டில் வேலை செய்கிறார். டிசம்பர் பிற்பகுதியில் அவருக்கு லீவு. மகள் பரீட்சை எழுதி முடித்ததும் குடும்பத்தோடு ஒரு தடவை, ஒரேயொரு ஐரோப்பிய நகரம், 8 நாட்கள் என்று அவர் சேமித்து வைத்திருந்தார். உம்மா, ஒன்பது வயதுத் தம்பி, முழங்கால் வலியுள்ள மூத்தம்மா எல்லோரும் போவதாக ஏற்பாடு. நகரத்தை மகளே தெரிவு செய்யலாம் என்று அனுமதித்த வாப்பா, ஒரு நிபந்தனையும் வைத்தார்: ஏன் அந்த நகரம் என்று மூத்தம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். அவள் என்னிடம் வந்து கேட்டது, “டீச்சர், பாரிஸ் சரிதானே?” என்று. ஈபிள் கோபுரத்தின் படம் ஒன்று அவளுடைய கொப்பியின் அட்டையிலேயே இருந்தது.

நான் பதில் சொல்லாமல் அவளிடம் கணக்குக் கொடுத்தேன். அதைச் செய்ய எல்லா மாணவிகளாலும் முடியும். 90இலிருந்து நகரத்தின் அகலாங்கைக் கழியுங்கள். வரும் விடையிலிருந்து 23.4ஐயும் கழியுங்கள். ஜூன் 21 நள்ளிரவில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இறங்குகிறது என்பது கிடைக்கும். 18 பாகை இறங்கினால்தான் வானம் முழுதாக இருளும். லண்டனுக்கு விடை 15.1. பாரிஸுக்கு, அதன் அகலாங்கு 48.9 என்பதால், 17.7. இரண்டிலும் ஜூன் பிற்பகுதியில் முழு இரவு என்பதே கிடையாது. அங்குள்ள பள்ளிவாசல்கள் இஷாவுக்கும் ஸுபஹுக்கும் தனி முறைகளில் கணித்து அட்டவணை வெளியிடுவது இதனால்தான். 40.4 பாகையில் உள்ள மட்ரிட்டுக்கு விடை 26.2. அங்கே இந்தச் சிக்கல் எழாது.

டிசம்பரில் சிக்கல் மறுபக்கமாகத் திரும்புகிறது. லண்டனில் ளுஹருக்கும் மஃரிபுக்கும் இடையில் 4 மணித்தியாலமே. அதற்குள் அஸரும் வந்து போகும். பிரயாணிக்குச் சுருக்கவும் சேர்க்கவும் சலுகை உண்டு என்பதால் தொழுகை சிரமமாகாது. ஆனால் முழங்கால் வலியோடு நடக்கும் ஒருவர் இருட்டில், குளிரில், நனைந்த படிகளில் இறங்கி ஏறுவது வேறு விடயம். லண்டனின் பெரிய நூதனசாலைகள் பல இலவசம் என்பது உண்மையான கவர்ச்சிதான். பிரிட்டிஷ் நூதனசாலையில் நமது கிழக்குக் கரையில் கண்டெடுக்கப்பட்ட பொன்முலாம் பூசிய தாரா சிலையும் இருக்கிறது. ஆயினும் டிசம்பர் 25 அன்று லண்டனில் நிலக்கீழ் புகையிரதமும் பஸ்ஸும் ஓடுவதில்லை. நூதனசாலைகளும் மூடியிருக்கும். 8 நாட்களில் ஒன்றை ஹோட்டல் அறையில் கழிப்பதற்கு வாப்பா 14 ஆண்டுகள் சேமிக்கவில்லை. அங்கே போக ஷெங்கன் வீசாவும் உதவாது. பிரித்தானியாவுக்கென்று தனியாக எடுக்க வேண்டும்.

பாரிஸைப் பற்றி அவள் தானாகவே தேடினாள். டிசம்பர் 21இல் சூரியோதயம் 8.40 அளவில். மெட்ரோ 1900இல் தொடங்கியது. பழைய நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. கொப்பியின் அட்டையை அவள் மாற்றவில்லை, ஆனால் பட்டியலில் பாரிஸ் கீழே இறங்கியது. ரோம் எனக்குப் பிடித்த நகரம். இரண்டாம் நூற்றாண்டில் கட்டிய பாந்தியன் மண்டபத்தின் குவிமாடம் 43 மீற்றர் அகலமும், தரையிலிருந்து அதே அளவு உயரமும் கொண்டது. கம்பி வைக்காத கொங்கிறீட் குவிமாடங்களில் இன்றும் அதுவே உலகில் பெரியது. கொலோசியத்திலிருந்து அதற்கு நடந்தே போய்விடலாம். தெருவெங்கும் குடிநீர்க் குழாய்கள். ஆனால் ரோமுக்கு டிசம்பர் மழை மாதம். மூத்தம்மாவுக்குச் சிறு கருங்கற்கள் பதித்த தெருக்கள் வேறு.

எஞ்சியவை இஸ்தான்புல்லும் மட்ரிட்டும். என் மனம் இஸ்தான்புல் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை மறைக்கவில்லை. உணவுக்குத் தேடி அலைய வேண்டாம். மிஃமார் ஸினான் கட்டி 1557இல் முடித்த ஸுலைமானிய்யா பள்ளிவாசல் ஒன்றுக்காகவே போகலாம். படகேறி ஏறக்குறைய 20 நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போய்விடலாம். மூத்தம்மா கேட்ட ஒரே கேள்வியும் அந்தப் பக்கமே இழுத்தது: “அங்க பாங்கு கேக்குமா மகள்?” இஸ்தான்புல்லில் கேட்கும். மட்ரிட்டில் கேட்காது.

மகள் மட்ரிட்டைத் தெரிவு செய்தாள். காரணங்களை இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். அவற்றைப் படித்த பிறகு அவளோடு வாதிட எனக்கும் மனம் வரவில்லை.

முதலாவது, வானிலை. இஸ்தான்புல்லுக்கும் டிசம்பர் மழையும் காற்றும் மிகுந்த காலம்; மேடு பள்ளமும் அதிகம். மட்ரிட் கடல் மட்டத்திலிருந்து 650 மீற்றர் உயரத்தில் இருப்பதால் குளிரும், ஆனால் மழை குறைவு. சூரியன் 5.50 வரை நிற்கும். நெட்டாங்குப்படி மட்ரிட் கிரீனிச்சுக்கு மேற்கே இருந்தும் கடிகாரத்தை மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு வைத்திருப்பதே இதற்குக் காரணம். காலையில் இழப்பதை மாலையில் பெறுகிறார்கள். தாமதமாக எழும் குடும்பத்துக்கு அது இலாபம்.

இரண்டாவது, அந்த நகரமே. மட்ரிட்டுக்கு ஒன்பதாம் நூற்றாண்டில் அமீர் முஹம்மத் கட்டிய கோட்டையே வித்து. அரபியில் அதன் பெயர் மஜ்ரீத். மதிலின் ஒரு துண்டு அல்முதேனா பேராலயத்தின் அருகே இன்றும் நிற்கிறது. பேராலயத்தின் பெயரிலேயே நகரம் என்று பொருள்படும் ‘மதீனா’ ஒளிந்திருக்கிறது. அங்கே பிறந்த வானியலாளர் மஸ்லமா அல்-மஜ்ரீத்தி, அல்-குவாரிஸ்மியின் வானியல் அட்டவணைகளைக் கொர்டோபாவின் நெட்டாங்குக்கு மாற்றிக் கணித்தார். திகதிகளையும் ஹிஜ்ரிக்கு மாற்றினார். நான் கொடுத்த கணக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மட்ரிட்காரர் பெரிய அளவில் செய்திருக்கிறார் என்று அவள் குறிப்பெழுதியிருந்தாள். ஆசிரியைக்குச் சற்று ஐஸ் வைக்கும் குறிப்பு என்றாலும் உண்மை.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் புதிதாகப் பட்டது. நகரத்தைத் தனியாகப் பார்க்காமல், அங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இடங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். மட்ரிட்டிலிருந்து வேகப் புகையிரதத்தில் தொலேதோ அரை மணித்தியாலம். 12ஆம் நூற்றாண்டில் இப்னு ஸீனாவின் மருத்துவ நூலான அல்-கானூன் அரபியிலிருந்து லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்ட ஊர் அது. வடமேற்கே எல் எஸ்கோரியல் மடாலயத்தில், மொரோக்கோவின் ஸுல்தான் ஸைதானுக்குச் சொந்தமான அரபு ஏட்டுத்தொகுதி இருக்கிறது. 1612இல் கடலில் கப்பலோடு கைப்பற்றப்பட்ட நூல்கள் அவை. 1671இல் ஏற்பட்ட தீயில் பல எரிந்துபோயின. எஞ்சியவை இன்றும் அங்கேதான். கொர்டோபா ஏறக்குறைய 1 மணி 45 நிமிடம். ஓகஸ்டில் கொர்டோபா 40 பாகையைத் தொடும் அடுப்பு; டிசம்பரில் இதமான பகல். கொர்டோபாவைப் பார்க்க டிசம்பர் மாதம் இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்தபோது, கேள்வி நகரத்திலிருந்து மாதத்துக்கு வந்து, மீண்டும் நகரத்துக்குப் போய்விட்டது.

மூத்தம்மாவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. கொர்டோபாவின் பெரிய பள்ளிவாசல் 8ஆம் நூற்றாண்டில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கியது, 800க்கு மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன, 1236 முதல் அது பேராலயம், உள்ளே நமக்குத் தொழ அனுமதி இல்லை என்று அத்தனையையும் சொன்னாள். “அப்ப பாக்கிறதுக்கு மட்டுந்தானா?” என்று கேட்டார் மூத்தம்மா. “பாத்துட்டு வந்து மட்ரிட்ல தொழலாம். அங்க 1992இல திறந்த பெரிய பள்ளி இருக்கு” என்றாள் மகள். மூத்தம்மா நீண்ட நேரம் பேசவில்லையாம். பிறகு, தனக்குக் கம்பளிக் காலுறை வாங்க வேண்டும் என்றாராம். இதை எனக்குச் சொன்னவர் உம்மா.

பெற்றோருக்குச் சில நடைமுறை விடயங்கள். ஷெங்கன் வீசாவுக்கு, எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குள் வந்தால் காலம் கடந்துவிட்டது. குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி தேவை. திரும்பி வரும் நாளுக்குப் பின் இன்னும் 3 மாதங்களுக்குக் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். வீட்டில் பெரியவர்களின் கடவுச்சீட்டுகளையே முதலில் எடுத்துப் பாருங்கள். ஸ்பெயினில் பன்றி இறைச்சி பரவலானது; பேஸ்ட்ரிகளிலும் அதன் கொழுப்பு சேரக்கூடும். கேட்டு வாங்குங்கள், அல்லது மீனோடு நின்றுகொள்ளுங்கள். லாவபியேஸ் பகுதியில் பங்களாதேஷ், மொரோக்கோ மக்களின் கடைகள் நிறைய உண்டு. பிராடோ ஓவியக்கூடத்தில் மூடுவதற்கு முந்திய 2 மணித்தியாலம் இலவசம். அதிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கும் ரெய்னா சோபியாவில் பிக்காசோவின் ‘குவர்னிகா’வைக் காணலாம். குண்டுவீச்சுக்குள்ளான ஓர் ஊரை 1937இல் வரைந்த அந்த ஓவியத்தின் முன் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

10 நாளில் 7 நாடு என்று விளம்பரப்படுத்தும் பயணங்களைப் பற்றியும் ஒரு பெற்றோர் கேட்டிருந்தார். அவற்றில் பிள்ளைகள் மிக நன்றாகத் தெரிந்துகொள்வது பஸ்ஸின் ஜன்னலைத்தான்.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி. 2030இல் றமழான் இரண்டு முறை வருகிறது, ஜனவரி ஆரம்பத்திலும் டிசம்பர் இறுதியிலும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, உங்கள் பாடசாலை விடுமுறை அடுத்த நான்கு ஆண்டுகளில் ஐரோப்பாவின் எந்தப் பருவத்தில் விழுகிறது என்று அட்டவணை போடுங்கள். அடுத்து வியன்னாவை எடுங்கள், அகலாங்கு 48.2. ஜூன் 21 நள்ளிரவில் அங்கே சூரியன் 18 பாகையைத் தாண்டி இறங்குகிறதா என்று கணித்து, விடையைப் பாரிஸின் விடைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.