ஞானசவுந்தரியின் கைகள்



நம் முதியோர் பலருக்கு ஞானோபதேசப் பாடங்களைவிட ஞானசவுந்தரியின் கதை நன்றாக நினைவிருக்கும். மாற்றாந்தாயின் வஞ்சகத்தால் காட்டில் கைகள் வெட்டுண்ட அரசகுமாரி, அவளை மணந்த இளவரசன், நடுவில் புகுந்த பொய்க் கடிதம், மீண்டும் காடு, முடிவில் தேவமாதாவின் தயவால் திரும்பக் கிடைத்த கைகள். ஐரோப்பாவில் வழங்கிய கையற்ற பெண்ணின் கதைகளோடு இதற்கு உறவுண்டு; ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களும் அவற்றில் ஒன்றை எழுதி வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் நாடகமாய் ஆடப்பட்டது. 1948-ல் சிட்டாடல் நிறுவனத்தார் எம். வி. ராஜம்மா நடிக்கப் படமாக்கினார்கள். அதில் மாதாவை நோக்கிப் பாடும் பாட்டை மற்ற மதத்தாரும் விரும்பிக் கேட்டார்கள். ஆயிரம் பிரசங்கம் எட்டாத இடத்துக்கு ஒரு பாட்டு போய்ச் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள நமக்கென்ன வெட்கம்?

ஆனால், அரைவை மில்லில் மகன் வலது கையை இழந்த ஒரு தாய் கேட்டார்: "ஞானசவுந்தரிக்குக் கொடுத்த மாதா, என் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை? என் செபத்தில் என்ன குறை?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கலாகாது. சினிமாவுக்கு இரண்டரை மணி நேரத்தில் கண்ணீரைத் துடைத்து ஜனங்களை வீட்டுக்கு அனுப்பவேண்டிய கட்டாயம் உண்டு. ஆகையால் அழுது மன்றாடினால் கேட்டது கிடைத்தே தீரும், கிடைக்காவிட்டால் பக்தி போதாது என்ற எண்ணம் நம்மையறியாமல் மனதில் பதிந்துவிடுகிறது.

திருச்சபை படிப்பிப்பதென்ன? ஆராதனை சர்வேசுரன் ஒருவருக்கே உரியது. தேவதாயாருக்குச் செலுத்துவது மேலான வணக்கம். வரம் அருளுகிறவர் சர்வேசுரன். மாதா நமக்காக மன்றாடுகிறவர். அவருடைய உதவி, ஏக மத்தியஸ்தராகிய கிறிஸ்துநாதரின் மகிமையில் எதையும் குறைப்பதில்லையென்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் தெளிவாய் உரைத்தது. கானாவூர் கலியாணத்தில் மாதா குறையை மகனிடம் சொன்னார். தண்ணீரை இரசமாக்கியவர் சேசுநாதர்.

கேட்டது கிடைக்காதவர்கள் பக்தியற்றவர்களா? அர்ச். சின்னப்பர் தம்மை வாதித்த முள் நீங்கும்படி மூன்று முறை மன்றாடினார்; நீங்கவில்லை. பூங்காவனத்தில் நம் ஆண்டவர் கேட்டுக்கொண்ட பாத்திரமும் அகலவில்லை. 1858-ல் மாதா காட்சி தந்த லூர்து நகருக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள். அங்கே கிடைத்த சுகங்களில் திருச்சபை இதுவரை புதுமையென்று அங்கீகரித்தவை 70-ஐச் சற்றே தாண்டும். போன நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் நோயோடேயே திரும்பினார்கள். அவர்களுடைய செபம் வீணென்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொன்று. கல்வாரியில் சிலுவையடியில் நின்ற அதே மாதாவுக்கு அன்று எந்தப் புதுமையும் நடக்கவில்லை. ஆணி கழலவில்லை, மகன் இறங்கி வரவில்லை. அவர் அங்கே நின்றார், அவ்வளவுதான். மேலே சொன்ன தாயிடம் நாம் எடுத்துச் சொல்லவேண்டிய மாதா இவரே.

இதற்காகப் படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் வந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பாட்டையும் கூடப் பாடுங்கள். கைகள் திரும்பும் காட்சி வருமுன் ஒரு கேள்வி மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: கையில்லாமல் அவள் கழித்த அத்தனை நாட்களும் மாதா எங்கே இருந்தார்?