சிரை வழி உணவும் குழந்தையின் கல்லீரலும்

கேள்வி: குடல் அறுவைக்குப் பிறகு என் பேரனுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாகத்தான் உணவு ஏறுகிறது. கல்லீரல் கெடுமாமே, தடுக்க முடியுமா?
– வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: பெருமளவு தடுக்கலாம், அம்மா. குடலுக்குள் ஒன்றுமே போகாதபோது பித்தநீர் தேங்குகிறது. மருத்துவர் சம்மதித்த அன்றே சில மில்லி தாய்ப்பாலாவது உள்ளே போகட்டும். எனக்குத் தெரிந்து இதுதான் முதல் மருந்து. அடுத்த எதிரி, குழாய் வழியே நுழையும் கிருமி. தறி வேலையை விட்டு ஓடி வந்த வீட்டாரும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தொடக் கூடாது. குழாய் இணைப்பு முனையை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைக்க வேண்டும். சிரை வழி ஏற்றும் உணவிலுள்ள சோயா எண்ணெய்க் கொழுப்பைக் குறைக்கலாமா, மீன் எண்ணெய் கலந்ததற்கு மாறலாமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பித்தம் தேங்கிய குழந்தைகளுக்கு மீன் எண்ணெய்க் கொழுப்பை அமெரிக்கா 2018-இல் அனுமதித்தது. துணி மாற்றும்போது மலம் வெளுத்திருந்தாலோ, கண் மஞ்சளானாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.