கியர்பாக்ஸ் கோளாறும் 'உள்ளது உள்ளபடி' கையெழுத்தும்

கேள்வி: பழைய கார் வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்றில், ஏழு வருடம் ஓடிய சி.வி.டி. ஆட்டோமேட்டிக் காரை 4,80,000 ரூபாய்க்கு வாங்கினேன். விளம்பரத்தில் 'கியர்பாக்ஸ் பக்கா கண்டிஷன்' என்று போட்டிருந்தார்கள். மூன்று வாரமாகிறது. இப்போது அரை மணி நேரம் ஓட்டினாலே இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது. கியர்பாக்ஸையே மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். நிறுவனத்தில் கேட்டால், 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்' என்று நான் போட்ட கையெழுத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு வழி உண்டா?
- வாசகர், கோவை

பதில்: உண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆவது பிரிவு, விவரம் சொல்லி விற்கும் வியாபாரியின் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 'டெஸ்ட் டிரைவ் போனீர்களே' என்று எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் சி.வி.டி.யில் கியர்பாக்ஸ் ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகுதான் இந்த வகை வழுக்கல் பெரும்பாலும் தலைகாட்டும். ஷோரூமைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டியவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும் என்று சொல்வது நியாயமில்லை.

கையெழுத்துதான் அவர்களுடைய பலமான ஆயுதம். இதை மறைக்க வேண்டியதில்லை. சட்டம் தானாகத் தரும் உறுதிகளை ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்ள அதே சட்டத்தின் 62-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் நீங்கள் நம்பியது சட்டம் தரும் பொதுவான உறுதியை மட்டுமல்ல. கியர்பாக்ஸைக் குறிப்பிட்டு அவர்களே சொன்ன வார்த்தையை. பொருளின் தரம் பற்றிப் பொய்யாகச் சொல்வது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. அச்சடித்த படிவத்தில் ஒரு வரி வாங்கிவிட்டதாலேயே அந்தப் பொறுப்பு கழன்றுவிடாது. கோளாறு தெரிந்தே, ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டு விற்றார்கள் என்று நிரூபிக்க முடிந்தால், ஒப்பந்தச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி அது மோசடி. கையெழுத்தின் மதிப்பு அங்கே வெகுவாகக் குறையும்.

பழைய வண்டியில் தேய்மானம் இருக்கத்தானே செய்யும் என்பார்கள். உண்மைதான். டயருக்கும் பிரேக் பேடுக்கும் நஷ்டஈடு கேட்டால் நானே வேண்டாம் என்பேன். அரை மணி நேரத்துக்கு மேல் வண்டியை இழுக்காத கியர்பாக்ஸ் அந்தக் கணக்கில் சேராது. அது நீங்கள் வாங்குவதற்கு முன்பே இருந்த கோளாறு என்பதைக் காட்டும் பொறுப்பு மட்டும் உங்களுடையது. ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியிருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். கியர்பாக்ஸ் பற்றி முன்பே புகார் பதிவாகியிருந்தால் வழக்கில் பாதி முடிந்தது. கூடவே, விற்றவரோடு தொடர்பில்லாத ஒரு நிபுணரிடம் ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் நிறம், ஸ்கேன் முடிவு ஆகியவற்றோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமில்லை. முழுப் பணமும் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். மோசடி நிரூபணமாகாவிட்டால், பழுதுச் செலவும் ஓரளவு இழப்பீடும் கிடைப்பதே நடைமுறைக்கு நெருக்கமானது. இதே வண்டியைத் தனிநபர் ஒருவரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் உதவாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். ஆட்டோமேட்டிக் வாங்கப்போகிற மற்றவர்கள், வண்டியை டிராஃபிக்கில் முக்கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். 'கியர்பாக்ஸில் கோளாறில்லை, மூன்று மாதத்துக்குள் வந்தால் எங்கள் பொறுப்பு' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிறார்கள் என்றால் அந்த வண்டி வேண்டாம்.

உங்கள் வண்டியைப் பொறுத்தவரை, நிபுணரின் அறிக்கை கைக்கு வந்து, நிறுவனத்துக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸும் போகும் வரை அந்தக் கியர்பாக்ஸை யாரையும் பிரிக்க விடாதீர்கள்.