ஜிஜ்ஞாஸை, பரிப்ரச்னம், உசா – ஒரு சொற்பொருள் விசாரம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியோர் முன்னே கேள்வி எழுப்புவது ச்ரத்தைக் குறைவாகாதோ என்னும் தயக்கம் குன்னூரில் நாம் கூடும் சிறு கோஷ்டியிலும் உண்டு. கடல் கடந்து வாழும் அடியார்தம் பிள்ளைகளிடத்தும் உண்டு. இத்தயக்கம் தீரச் சொற்களின் பொருளையே நோக்குவோம்.

ஜிஜ்ஞாஸை: 'ஜ்ஞா' என்னும் தாதுவோடு இச்சைப்பொருள் தரும் 'ஸன்' ப்ரத்யயம் சேர்ந்து பிறந்த சொல். 'அறியவேண்டும் என்னும் ஆசை' என்பது பொருள். ப்ரஹ்மஸூத்ரத்தின் முதல் ஸூத்ரத்திலேயே இச்சொல் உள்ளது. ஆசையில் ஆசைப்படும் பொருளே ப்ரதானமாகையாலே, அங்கு விதிக்கப்படுவது அறிவே என்று எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் நிர்வஹித்தருளினார். எங்கள் ஊர்த் தேயிலை வாணிபத்தில் சுவை பார்ப்போர், ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு வாய் கொண்டு உடனே உமிழ்ந்துவிடுவர். தரம் தெரியும், தாகம் தீராது. வெறும் குதூஹலம் அத்தகையது. ஜிஜ்ஞாஸையோ பருகுதற்கு உண்டான விடாய்.

இதனோடு தொடர்புடைய 'ஜிஜ்ஞாஸு' என்னும் சொல் கீதை ஏழாம் அத்யாயத்தில் நால்வகை அடியாருள் ஒருவரைக் குறிக்கும். ப்ரக்ருதியினின்றும் நீங்கிய ஆத்மஸ்வரூபத்தை அடைய விரும்புமவன் என்று அங்கே எம்பெருமானார் பொருள் அருளினார். ஆகவே இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும்.

பரிப்ரச்னம்: 'நன்கு வினவுதல்'. கீதை நான்காம் அத்யாயம் இதனை ப்ரணிபாதத்திற்கும் ஸேவைக்கும் நடுவே வைத்தது. முன்னே வணக்கமும் பின்னே தொண்டும் இருக்க, இடைநின்ற வினா அபசாரமாவது எங்ஙனே?

தமிழ்ச் சொற்கள்: 'கேள்' என்பது வினவுதலையும் செவிமடுத்தலையும் ஒருங்கே உணர்த்தும், பெயராகும்போது உறவையும் குறிக்கும். 'உசா' என்பது கலந்து ஆராய்தல். 'உசாத்துணை' நம் வ்யாக்யானங்களில் பயின்று வருவது. நன்னூல் கூறும் அறுவகை வினாக்களுள் அறியாவினாவும் ஐயவினாவும் சிஷ்யனுக்கு உரியன. ஆசார்யன் மாணாக்கனைச் சோதிக்க எழுப்புவது அறிவினா. அவ்வறிவினாவைச் சிஷ்யன் கைக்கொள்ளின் அது பரீக்ஷையாய் முடியும். விலக்கத்தக்கது இதுவே.

நாதமுனிகள் வைபவம் இதற்குச் சான்று. வீரநாராயணபுரத்தில் திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தைச் சிலர் அநுஸந்திக்கச் செவியுற்றார். பலச்ருதியில் ஆயிரம் என்று இருக்கக்கண்டு, மற்றவை எங்கே என்று வினவினார், அவர்கள் அறியார். அவர் அவ்வளவில் அமையாது திருக்குடந்தைக்கும், பின் திருக்குருகூருக்கும் சென்றார். அங்கே பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பெற்று, 12,000 உரு அநுஸந்தித்து, ஆழ்வாரருளால் நாலாயிரமும் பெற்றார் என்பர் பூர்வர்கள்.

அன்று அவர் வினவாதிருந்தால் இன்று நமக்கு ஓத ஏது? ஆகையால் நம் பிள்ளைகள் வணங்கிக் கேட்கும்போது வாயடைக்கலாகாது. விடை தெரிந்தால் உரைப்போம். தெரியாதபோது அவர்களோடு சேர்ந்து பெரியோரிடம் உசாவுவோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.