இஸ்மயேல் – 'இறைவன் கேட்கிறார்'

விவிலியத்தில் பிறக்குமுன்பே கடவுளிடமிருந்து பெயர் பெற்ற முதற் குழந்தை ஓர் அடிமைப்பெண்ணின் பிள்ளை. சாராவின் பணிப்பெண்ணான எகிப்தியப் பெண் ஆகார், கொடுமை தாங்காமல் பாலைநிலத்துக்கு ஓடிப்போனாள். நீரூற்றருகே தூதர் அவளைக் கண்டு, மகனுக்கு இஸ்மயேல் எனப் பெயரிடச் சொன்னார் (தொடக்கநூல் 16:11). எபிரேயத்தில் 'இறைவன் கேட்கிறார்' என்பது பொருள்.

பின்பு தாயும் மகனும் அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீருமாக வெளியே அனுப்பப்பட்டனர். தண்ணீர் முடிந்தது. பிள்ளை சாவதைப் பார்க்க முடியாமல் தாய் எட்ட உட்கார்ந்து அழுதாள். அழுதவள் தாய், கடவுள் கேட்டதோ பையனின் குரலை என்கிறது நூல் (21:17). பெயர் மெய்யாவது இங்கேதான்.

யூதர் இப்பகுதியைத் தங்கள் புத்தாண்டின் முதல் நாளில் வாசிக்கின்றனர். அவர்களுடைய இரண்டாம் நூற்றாண்டுப் பேரறிஞர் ஒருவரின் பெயரும் இஸ்மயேலே.

இஸ்லாமியருக்கு இஸ்மாயில் ஒரு நபி. தந்தையோடு கஃபாவின் அடித்தளத்தை உயர்த்தியவர் (குர்ஆன் 2:127). தாய் ஹாஜர் தண்ணீர் தேடி ஸபா, மர்வா குன்றுகளிடையே ஏழுமுறை ஓடியதை நினைந்து ஹஜ் யாத்திரிகர் இன்றும் அங்கே நடக்கின்றனர். துரத்தப்பட்ட ஒரு தாயின் தவிப்பு வழிபாடாகிவிட்டது!

நாமோ, பவுல் கலாத்தியருக்கு எழுதியதைப் பிடித்துக்கொண்டு, ஆகாரை அடிமைத்தனத்தின் உருவகமாகவே பேசி வந்தோம். நானும் அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன். இஸ்மாயில் என்ற பெயர் நம் அயலிலும் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அப்பெயரும் அவர்களோடு போயிற்று.

குழுவாகப் பேச: ஆகாரின் தண்ணீர் முடிந்தபோது கிணறு எங்கே இருந்தது? 21:19ஐ வாசித்துப் பதில் சொல்லுங்கள்.