ஏரிக்கும் நாடி பிடித்துப் பார்க்கலாம்



குடிக்கிற தண்ணியைச் சோதிக்க இப்போது ஊர்களில் சோதனைப் பெட்டி இருக்கிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்கு இந்தப் பயிற்சி என்று வைத்தார்கள். உங்களில் சிலர் கற்றிருப்பீர்கள். ஆனால் அந்தப் பெட்டி குடிதண்ணிக்கு உள்ளது. மீனும் பறவையும் செடியும் பூச்சியும் சேர்ந்து வாழும் ஒரு நீர்நிலை நலமாக இருக்கிறதா என்று அது சொல்லாது. அதை எப்படிப் பார்ப்பது?

உதாரணத்துக்கு அஸ்ஸாம் வரை போய் வருவோம். குவஹாத்தி நகரத்துக்குத் தென்மேற்கே தீபோர் பீல் என்று ஒரு பெரிய நீர்நிலை இருக்கிறது. பீல் என்றால் அங்கே ஏரி. நம் ஏரி மாதிரி கரை கட்டி உண்டாக்கியது இல்லை. பிரம்மபுத்திரா ஒரு காலத்தில் ஓடிய தடம் அது. ஆறு விலகிப் போனது, பள்ளம் தங்கிவிட்டது. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். 2002-இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். சுற்றுக் கிராமங்களில் பல குடும்பங்களுக்கு இந்த மீன்தான் சோறு. நகரத்துச் சாக்கடையும் ஓடைகள் வழியாக இங்கேதான் வந்து சேருகிறது. பல வருஷம் நகரக் குப்பையை இதன் ஓரத்திலேயே கொட்டினார்கள்.

வெள்ளம் என்றால் நமக்கு நஷ்டம்தான் ஞாபகம் வரும். ஆற்றோர ஈரநிலத்துக்கோ வெள்ளம்தான் சாப்பாடு. முட்டையிட வரும் மீன், புது வண்டல் எல்லாம் அதோடு வரும், தேங்கிய அழுக்கும் அதோடு கழுவிப் போகும். தீபோர் பீலை ஆற்றோடு சேர்ப்பது கானாஜான் என்ற கால்வாய். ஆகவே முதல் கேள்வி: தண்ணீர் வரும் வழி, போகும் வழி இரண்டும் திறந்திருக்கிறதா? உங்கள் ஊரில் வரத்துக் கால்வாயையும் கலிங்கையும் நடந்து பாருங்கள். அது அடைபட்டிருந்தால் மற்ற வைத்தியம் எதுவும் பிடிக்காது.

அடுத்தது தண்ணிக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜன். மீன் மூச்சு விடுவது அதில்தான். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. பகலில் செடியும் பாசியும் ஆக்சிஜனை விடும். ராத்திரியில் அவையும் சேர்ந்து இழுக்கும். அதனால் விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவு. மத்தியானம் அளந்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொன்னால் ஏமாந்து போவோம். கருவி இல்லையா? விடியக்காலையில் இரண்டு பேராகப் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். வலை போடுகிறவரிடம் என்ன மீன் விழுகிறது என்றும் கேளுங்கள். விரால், தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் வெளிக்காற்றையும் இழுத்துப் பிழைக்கும் மீன்கள். இவை மட்டுமே மிஞ்சி, மற்ற கெண்டை வகைகள் காணாமல் போயிருந்தால் சந்தேகப்படுங்கள்.

பூச்சியும் சாட்சி சொல்லும். கரையோரத்துச் சேற்றையும் செடி வேரையும் அள்ளி ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு கொட்டுங்கள். தட்டான் குஞ்சு, வாலில் இரண்டு மூன்று மெல்லிய இழை உள்ள சின்னப் பூச்சிக் குஞ்சு, நத்தை என்று பல வகை தெரிந்தால் நல்லது. சிவப்புப் புழு எல்லா ஏரியிலும் கொஞ்சம் இருக்கும். வேறெதுவும் இல்லாமல் அது மட்டுமே நெளிந்தால் கழிவு சேர்ந்திருக்கிறது. நம் ரத்தத்தில் உள்ள சிவப்புச் சத்து அதற்கும் உண்டு, அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் கிடக்கிறது. பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காலில் புண் உள்ளவர் இறங்க வேண்டாம்.

பறவை நிறைய வந்தால் ஏரி நலம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். தீபோர் பீல் ஓரத்துக் குப்பைமேட்டில் ஹர்கிலா என்ற மொட்டைத்தலைப் பெரிய நாரை கூட்டம் கூட்டமாக நின்றது. அரிய பறவைதான், ஆனால் வந்தது குப்பையில் கிடந்த இறைச்சிக் கழிவுக்கு. பறவையை எண்ணும்போது அது என்ன தின்கிறது என்றும் பாருங்கள்.

ஆகாயத்தாமரை தண்ணியை மூடினால் வெளிச்சம் போகாது, காற்றும் போகாது. அழுகும்போது ஆக்சிஜனை வேறு தின்னும். சாக்கடைச் சத்து வரும் வரைக்கும் பிடுங்கப் பிடுங்க முளைக்கும். தீபோர் பீல் மீனவக் குடும்பத்துப் பெண்கள் 2021-இல் இந்தச் செடியைக் காயவைத்து யோகாசனப் பாய் நெய்து விற்கத் தொடங்கினார்கள். நல்ல யோசனை. ஆனால் கழிவு விழும் இடத்துச் செடியை மாட்டுக்குப் போடாதீர்கள். ஈயம் போன்ற உலோகங்களை அது வேரில் இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஒரு தடவை பார்த்தால் போதாது. கடன் கணக்கு எழுதுகிற மாதிரி இதற்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். வரத்து வாய், நடுப்பகுதி, கலிங்கு என மூன்று இடம், மாதம் ஒரு முறை, அதே நேரம். தேதி, நிறம், வாடை, மீன், பூச்சி, எந்தக் குழாய் எங்கே வந்து விழுகிறது என்று எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். வாடை அடிக்கிறது என்று வாயால் சொன்னால் தீர்மானத்தில் ஏறாது. ஆறு மாதக் குறிப்பை மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.