குடிநோயாளர்க்கு மருத்துவ இல்லம் தெரிதல்

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93 ஆம் அதிகாரம். மருந்து 95 ஆம் அதிகாரம். இடையே நிற்பது சூது. இவ்வைப்பு முறைக்கு உரையாசிரியர் கூறும் காரணம் வேறு. ஆயினும், குடியால் நலிந்த ஒருவரை மருந்தினிடம் கொண்டு சேர்க்கப் புறப்படும் குடும்பம் இடைவழியில் ஒரு சூதும் ஆடவேண்டியிருக்கிறது என்பதை, என் தாய்மாமன் பொருட்டு ஈராண்டுகளுக்கு முன் கண்டேன். எந்த இல்லத்தில் சேர்ப்பது என்பதை ஊழின்மேல் விட்டுவிடாது, ஆராய்ந்து தெளியும் வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். மருத்துவம் பயின்று சிறந்த பழைய மாணவர்கள், தமிழ் மாணவன் ஒருவன் தம் துறையில் புகுந்தமையைப் பொறுப்பாராக.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவனை முதற்கண் வைத்தது ஏன் என்று எங்கள் ஆசிரியர் வகுப்பில் ஒருநாள் வினவினார். அன்று ஒருவரும் விடை கூறவில்லை.

குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே எண்ணுவோர் இன்றும் பலர். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கழகத்தார் நடுவண் அரசின் பொருட்டு நாடெங்கும் ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியருள் நூற்றுக்கு 14.6 பேர் மது அருந்துகின்றனர். மதுவுக்கு அடிமைப்பட்டோருள் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறியவர் 38 பேருக்கு ஒருவரே; மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. தேடுவோர் மிகுதி, தகுந்த இடம் குறைவு. இவ்விடைவெளியிலேதான் சுவரொட்டிகள் முளைக்கின்றன.

என் மாமா மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழிலினர். செம்புக் கம்பியைச் சிக்கின்றிச் சுற்றும் அவ்விரல்கள் நாளடைவில் விடியற்காலையில் நடுங்கத் தொடங்கின. சிறிது மது உட்சென்றால்தான் நடுக்கம் அடங்கும். பஸ் நிலையத்துச் சுவரிற் கண்ட எண்ணை மாமி அழைத்தார். "தொண்ணூறு நாளில் உறுதியாகக் குணம், அவர் இசையாவிட்டாலும் நாங்களே வந்து அழைத்துப்போவோம்" என்று விடை வந்தது. அவ்வுறுதிமொழியே எங்களை மயக்கிற்று. மூன்று மாதக் கட்டணம் முன்னதாகவே செலுத்தப்பட்டது. ஒருநாள் விடியுமுன் நால்வர் வந்து, உறங்கிக் கிடந்தவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினர். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான்.

அன்றிரவே மாமாவுக்கு வலிப்புக் கண்டது. அவ்வில்லத்தில் மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. காவலாள் ஒருவரே இருந்தார். உடன் தங்கியிருந்த ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து மாமாவின் கையில் திணித்தாராம். இரண்டாம் முறையும் வலிப்பு வந்த பின்னரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர்.

அங்கிருந்த இளம் மருத்துவர் எனக்கு விளக்கியதை இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். மது மூளையின் கிளர்ச்சியை அடக்கும் இயல்பினது. பல்லாண்டு நாள்தோறும் குடிப்பவரது மூளை, அவ்வடக்கத்திற்கு எதிராகத் தன் கிளர்ச்சியை உயர்த்திக்கொண்டு வாழப் பழகுகிறது. மதுவைச் சட்டென நிறுத்தினால் அடக்குவது நீங்கிவிட, உயர்ந்த கிளர்ச்சி மட்டும் எஞ்சி நிற்கும். சில மணி நேரத்தில் கைந்நடுக்கமும் வியர்வையும், பெரும்பாலும் 48 மணி நேரத்திற்குள் வலிப்பும், 2 முதல் 4 நாளில் இல்லாததைக் கண்டு பிதற்றும் சன்னியும் சிலர்க்கு வருவது இதனால்தான். கவனியாது விட்டால் இச்சன்னி உயிரையும் கொள்ளும். குளோர்டயஸெபாக்ஸைடு, டயஸெபாம் போன்ற மருந்துகளை முதலில் மிகுதியாகத் தந்து படிப்படியாகக் குறைப்பர். மூளை கேடுறாதிருக்கத் தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை ஊசிவழி ஏற்றுவர். ஆகவே, ஓர் இல்லத்தைக் காணச் செல்பவர் தோட்டத்தையும் கட்டில்களையும் பார்க்குமுன் கேட்கத்தக்கது ஒன்றுண்டு: நள்ளிரவில் வலிப்பு வந்தால் வருபவர் யார்? விடை கூறத் தயங்கும் இல்லத்தினின்று அக்கணமே திரும்பிவிடலாம்.

ஹெராயின் முதலிய அபினி இனத்தின் இயல்பு வேறு. அதனை நிறுத்தும் துன்பம் பெரிதாயினும், அத்துன்பத்தால் உயிர் போவது அரிது. பின்னரே பேரிடர். சில வாரம் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுவதால், வீடு திரும்பிய ஒருவர் முன்போல் எடுத்துக்கொள்ளும் ஒரே அளவு அவரைக் கொல்லக்கூடும். புப்ரினார்பின், மெத்தடோன் ஆகிய மருந்துகளை நெடுநாள் தொடர்ந்து கொடுக்கும் முறை இதற்காகவே உள்ளது. 'எங்களிடம் மருந்தே கிடையாது' என்பதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இல்லம் இந்நோயாளர்க்கு உரியதன்று.

நிற்க. வண்டியில் தூக்கி ஏற்றிய செயலுக்கு வருவோம். 2018 இல் நடைமுறைக்கு வந்த 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்பதனுள் அடக்குகிறது. இத்தகைய இல்லங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். தானே விரும்பிச் சேர்ந்தவருக்கு அவரது இசைவின்றிச் சிகிச்சை அளித்தல் கூடாது. இசைவு தரும் நிலையில் இல்லாதவரைப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கவேண்டின், மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு வல்லுநரும் தனித்தனியே ஆராய்ந்து உடன்படுதல் வேண்டும். அதுவும் முதற்கண் 30 நாளுக்கு மேற்படாது. தொண்ணூறு நாளென்று தொலைபேசியிலேயே முடிவு கட்டுவதற்கு இதில் இடமில்லை. சங்கிலியிடுதல் அறவே விலக்கப்பட்டது. 2001 ஆகஸ்டு 6 இல் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையான நாட்டில், இவ்விதியின் விலை நாம் அறிந்ததே.

அரசு மருத்துவமனையில் பத்தாம் நாள் மாமா தெளிந்தார். முதலில் என்னைத்தான் நோக்கினார். "கதவைத் திறந்தது நீதானே?" என்றார். ஆசிரியரின் வினாவுக்கு விடை எனக்கு அப்போதுதான் கிடைத்தது. குறள் முதலில் வைத்தவரை நாங்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

இனி, எல்லோரும் தங்கியே சிகிச்சை பெற வேண்டுமா? இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்த எட்வர்ட்ஸும் ஆர்ஃபோர்டும் துணைவரும் மணமான ஆடவர் நூற்றுவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மனைவியோடு அமர்த்தி ஒரேயொரு முறை அறிவுரை கூறினர். மற்றவர்க்கு, வேண்டுமாயின் மருத்துவமனையில் தங்குதல் உட்பட, நீண்ட சிகிச்சை அளித்தனர். ஓராண்டு கழிந்தபோது இரு பிரிவினரிடையே கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என 1977 இல் வெளியிட்டனர். இதனால் சிகிச்சையே வேண்டா என்பது முடிபன்று; முன்பு வலிப்போ சன்னியோ கண்டவர், ஈரல் கெட்டவர், தற்கொலை எண்ணமுடையவர், திரும்பிச் செல்ல அமைதியான வீடில்லாதவர் ஆகியோர்க்குத் தங்கும் இடம் இன்றியமையாதது. ஏனையோர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வீட்டிலிருந்தே சென்று வருதல் தகும். இதனை முதலில் யாரேனும் எங்களுக்குச் சொல்லியிருந்தால்!

நான்காம் கூறாகிய உடனிருப்பவரைப் பல இல்லங்கள் கட்டணம் செலுத்துபவராகவே அறியும். சென்னையில் தி. த. ரங்கநாதன் நினைவாக 1980 இல் அவர்தம் மனைவியார் சாந்தி ரங்கநாதன் அம்மையார் நிறுவிய அமைப்பு இவ்வகையில் எண்ணத்தக்கது. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர் அவர். ஆதலின் நோயாளரோடு குடும்பத்தாரும் பயிற்சி பெறும் முறை அங்கே உண்டு. எங்களை ஏமாற்றிய இல்லமோ, பின்னர்ச் சாம்பாரில் கலந்து கொடுக்குமாறு மாமியிடம் ஒரு பொடியைத் தந்திருந்தது. மருத்துவரிடம் காட்டினோம். டைசல்ஃபிராம் என ஐயுற்றார். குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் வீழும்படி செய்யும் மருந்து அது. அறிந்து இசைந்து உண்பவர்க்கு அரண், அறியாது உண்டு குடிப்பவர்க்கு நஞ்சு. மாமி அப்பொடியைச் சாக்கடையிற் கொட்டினார்.

மாமா பின்பு ஒரு மாதம் வேறோர் இல்லத்தில் தங்கினார். இம்முறை மூன்று இடங்களை அவரே நேரிற் கண்டு ஒன்றைத் தெரிந்தார். வீடு திரும்பிய 41 ஆம் நாள் ஒரு திருமணத்தில் மீண்டும் குடித்துவிட்டார். அழுதுகொண்டே அவ்வில்லத்தை நான் அழைத்தேன். மறுமுனையில் பேசிய அம்மையார் கட்டணத்தைப் பற்றியோ தோல்வியைப் பற்றியோ ஒன்றும் கூறவில்லை. "வலிப்பு வந்ததா? வரவில்லையா? நல்லது. கடைசியாகக் குடித்தது எப்போது? நாளைக் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் இருப்பார், அவர் வர விரும்புகிறாரா என்று அவரையே கேளுங்கள், தம்பி" என்றார்.

கேட்டேன். மாமா சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.